புதுக் கட்டடத்தின் மாடல்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

(நம் சங்கத்தின் சிறப்புப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களும் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறேன்.)



போன கூட்டத்தில் பில்டர் தரப்பினர் பெரிய திரையில் நம் புதுக் கட்டடத்தைக் காட்டினார்கள். கேட்டில் நுழைந்து, லிஃப்டில் ஏறி, ஹால், சமையலறை, பால்கனி என்று நாமே நடந்து போவது போல இருந்தது. மொட்டைமாடியில் வைத்த செடிகூட காற்றில் அசைந்தது. நாம் எல்லோரும் என்ன கேட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். டைல்ஸ் என்ன நிறம், துணி உலர்த்த எங்கே இடம், வாஷிங் மெஷினுக்குத் தனிக் குழாய் உண்டா என்று கேட்டோம். நானும் பூஜை அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன்.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, லேப்டாப்பை இயக்கிய இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். "தம்பி, இந்த மாடல் வேலை முடிகிற வரைக்கும் இருக்குமா? சைட்டில் எதையாவது மாற்றினால் இதிலும் மாற்றுவீர்களா?" என்றேன். நேர்மையான பையன். "இல்லை சார். இது பிளான் அனுமதிக்கும் அளவு எடுப்பதற்கும் போட்டது. சைட்டில் மாறுவதை இதில் ஏற்ற ஆள் யாரையும் போடவில்லை. கடைசியில் உங்களுக்கு டிராயிங் பிரிண்ட் கொடுத்துவிடுவார்கள்" என்றார்.

அந்த பதிலால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். மறுகட்டுமான ஒப்பந்தத்தின் வரைவு உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதை இரண்டு முறை வரி வரியாகப் படித்தேன். கிரானைட் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. மாடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த மாதம் கையெழுத்து. அதற்குள் ஐந்து ஷரத்துகளைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அவை ஏன் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஷரத்துகளுக்கு வருகிறேன்.

திரையில் பார்த்தது வேறு, மாடல் வேறு

நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கணக்கு எழுதியவன். அதனால் எனக்குப் புரிந்த வழியிலேயே சொல்கிறேன்.

நாம் திரையில் பார்த்தது ஒரு சினிமா. அதற்குப் பின்னால் இருப்பதுதான் மாடல். இதை பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சுருக்கமாக 'பிம்' என்கிறார்கள். இதில் ஒரு சுவர் வெறும் இரண்டு கோடு அல்ல. எத்தனை அங்குலச் சுவர், எந்தக் கல், எந்த மாடி என்ற விவரங்கள் அந்தச் சுவரோடு சேர்ந்தே இருக்கும். ஒரு குழாயைத் தொட்டால் அதன் விட்டம், சரிவு, அது எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்பதெல்லாம் தெரியும். பேங்க் லெட்ஜரில் ஒரு கணக்கைப் புரட்டினால் பேர், விலாசம், வரவு, பற்று, இருப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்குமே, அது போல.

ஒரு கட்டடத்துக்கு ஒரே மாடல் போதாது. ஆர்க்கிடெக்ட் ஒன்று போடுவார். தூண், பீம், ஸ்லாப் கணக்குப் பார்க்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இன்னொன்று போடுவார். பிளம்பிங், மின்சாரம், தீயணைப்புக் குழாய்களுக்குத் தனித்தனியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் குழாய் பீமுக்குள் போய் முட்டுகிறதா என்று தெரியும். அப்படி முட்டுவதை 'கிளாஷ்' என்கிறார்கள். கம்ப்யூட்டரே தேடிப் பட்டியல் போட்டுத் தந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். 40-க்கு 1 என்று வைத்தால், 4 மீட்டர் ஓடும் குழாய் 10 சென்டிமீட்டர் கீழே இறங்கியாக வேண்டும். வழியில் ஒரு பீம் இருக்கிறது. குழாய் அதற்குக் கீழே போக இடம் இருக்கிறதா, அல்லது கான்கிரீட் போடும் முன்பே பீமில் ஸ்லீவ் விட வேண்டுமா? மாடலில் இதை ஒரு மணி நேரத்தில் முடிவு செய்யலாம். முடிவு செய்யாமல் கான்கிரீட் போட்டுவிட்டால், அப்புறம் பிளம்பர் வந்து பீமை உடைப்பார். இல்லாவிட்டால் சரிவைக் குறைப்பார். பீமை உடைத்தால் உள்ளே இருக்கும் கம்பிக்கு ஆபத்து. சரிவைக் குறைத்தால் நமக்கு ஆயுள் முழுக்க அடைப்பு.

முட்டினால்தான் தவறு என்றும் இல்லை. வால்வு வைக்க இடம் இருக்கும், ஸ்பேனரைத் திருப்ப இடம் இருக்காது. ஏ.சி. வெளி யூனிட் உட்காரும், அதைப் பழுது பார்க்க மெக்கானிக் நிற்க முடியாது. ஜெனரேட்டர் அறை சரியாகவே இருக்கும், ஆனால் சுவர் எழுப்பிய பிறகு ஜெனரேட்டரை உள்ளே கொண்டுபோக வழி இருக்காது. இதையெல்லாம் மாடலிலேயே பார்த்துவிட முடியும். ஆனால், அது சைட்டில் நடப்பதோடு கூடவே வந்துகொண்டிருக்க வேண்டும்.

1994-ல் நான் போட்ட கையெழுத்து

இப்போது ஒரு பழைய கதை. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

1994-ல் இந்த 36 வீடுகளின் சாவி வாங்கியபோது நான் சங்கத்தின் பொருளாளர். அன்று கட்டிக் கொடுத்தவர்கள் ஒரு பெரிய சுருள் டிராயிங்குகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூடவே ஒரு கடிதம். 'கட்டி முடிக்கப்பட்ட நிலையிலுள்ள வரைபடங்கள் முழுமையாகவும் சரியாகவும் பெற்றுக்கொள்ளப்பட்டன' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பேங்கில் பத்து ரூபாய்க் கட்டு ஒன்றைக்கூட எண்ணாமல் வாங்கியதில்லை. அந்தச் சுருளின் ரப்பர் பேண்டைக்கூட அன்று கழற்றிப் பார்க்கவில்லை. கிரகப்பிரவேச அவசரம்.

2015 டிசம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். மழை விட்டது, தெருவில் தண்ணீர் வடிந்தது, நம் காம்பவுண்டுக்குள் மட்டும் முழங்கால் அளவு அப்படியே நின்றது. மழைநீர் வெளியேறும் குழாய் எங்கோ அடைத்திருந்தது. அந்தத் தொட்டி எங்கே என்று பார்க்க அலமாரியிலிருந்து சுருளை எடுத்தோம். டிராயிங்கில் மேற்கு மூலை என்று இருந்தது. தண்ணீருக்குள் நின்று மேற்கு மூலையைத் தோண்டினோம். ஒன்றும் இல்லை. மூன்று இடம் தோண்டினோம். இரண்டு நாள் போனது. கடைசியில் பி பிளாக் கார் நிறுத்துமிடத்தில், தரைக்கல்லுக்கு அடியில், மேற்கில் இல்லை கிழக்கில், மூடி கிடைத்தது. அடைப்பை எடுத்த மூன்று மணி நேரத்தில் தண்ணீர் போய்விட்டது.

கட்டும்போது ஏதோ காரணத்தால் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதில் தவறில்லை. அதை டிராயிங்கில் ஏற்றவில்லை. ஏற்றாத டிராயிங்குக்கு 'சரி' என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்த இரண்டு நாளில் தரைத்தளத்தில் இருந்த வயதான தம்பதியின் வீடு முழுவதும் போயிற்று. கட்டில், பீரோ, கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் போயின. முதல் நாளே வடிந்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். மகள் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் வீட்டை விற்றுவிட்டார்கள். பத்திரப் பதிவன்று அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, மழைதானே" என்றார். மழை மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மாடல் எங்கே பொய்யாகிறது

"அது காகிதக் காலம், இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே" என்று நீங்கள் நினைக்கலாம். கம்ப்யூட்டரில் இருப்பதாலேயே ஒரு கணக்கு சரியாகிவிடாது. எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது பல மாதங்கள் கை லெட்ஜரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே நடத்தினோம். தினமும் மாலையில் இரண்டையும் ஒத்துப் பார்த்து, டேலி ஆன பிறகுதான் வீட்டுக்குப் போவோம். கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை வந்தது அப்படி ஒத்துப் பார்த்ததால்தான்.

கட்டட மாடலிலும் இரண்டு இடத்தில் டேலி தவறுகிறது.

முதலாவது, ஆளுக்கு ஒரு பதிப்பு. ஆர்க்கிடெக்ட் ஏழாவது திருத்தத்தில் இருப்பார். பிளம்பிங் ஆலோசகர் ஐந்தாவது திருத்தத்தை வைத்துக்கொண்டு குழாய் போடுவார். சைட் மேஸ்திரியின் வாட்ஸ்அப்பில் மூன்றாவது இருக்கும். எல்லோரும் ஒழுங்காகத்தான் வேலை செய்வார்கள். ஆனால் ஒன்றோடொன்று பொருந்தாது. உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380-க்கே இது நடந்தது. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருந்த குழுக்கள் ஒரு வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பில் வேலை செய்தன. பிரான்சிலும் பிரிட்டனிலும் இருந்தவை அதே மென்பொருளின் புதிய பதிப்பில் வேலை செய்தன. ஹாம்பர்க்கில் தயாரான வயர்க் கட்டுகள் துலூஸ் தொழிற்சாலைக்கு வந்து விமானத்துக்குள் இழுத்தபோது நீளம் போதவில்லை. ஒரு விமானத்தில் 500 கிலோமீட்டருக்கும் மேல் வயர். 2006-ல் தாமத அறிவிப்பு மேல் அறிவிப்பாக வந்தது. முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படியென்றால், நம் தெருவில் நடக்கும் வேலையில் பதிப்புக் குழப்பம் வராது என்று எப்படி நம்புவது?

இரண்டாவது, சைட்டில் மாறுவது மாடலில் ஏறாமல் போவது. இதைத்தான் அந்த இளைஞர் என்னிடம் சொன்னார். அஸ்திவாரம் தோண்டும்போது பழைய கிணறு தட்டுப்படும், குழாய்ப் பாதையை மாற்றுவார்கள். குறிப்பிட்ட அளவுக் குழாய் கிடைக்கவில்லை என்று வேறு அளவு போடுவார்கள். நாமே போய், "என் வீட்டில் மட்டும் வாஷ்பேசினை இந்தப் பக்கம் வையுங்கள்" என்போம். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். கட்டி முடிக்கும்போது கட்டடம் ஒன்று, மாடல் வேறொன்று என்றாகிவிடும்.

ஒழுங்காக நடத்துபவர்கள் எப்படி நடத்துகிறார்கள்

இதற்கென்று சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 19650 என்று பெயர். அதன் முதல் இரண்டு பகுதிகள் 2018-ல் வந்தன. பெரிய நிறுவனங்களுக்கானதாகத் தோன்றினாலும், அதன் மையக் கருத்து எந்த பேங்க் குமாஸ்தாவுக்கும் புரியும்.

எல்லாக் கோப்புகளும் ஒரே பொது இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நான்கு நிலைகள். முதல் நிலையில் அவரவர் மேஜையில் நடக்கும் வேலை, மற்றவர்கள் அதைத் தொடக்கூடாது. இரண்டாவதில் மற்ற ஆலோசகர்கள் ஒத்துப் பார்க்க வெளியிட்டது. மூன்றாவதில் பொறுப்பானவர் ஒப்புதல் தந்தது. சைட்டில் இதை வைத்துத்தான் கட்ட வேண்டும். நான்காவதில் பழைய பதிப்புகள். எதையும் அழிக்கக்கூடாது, யார் எப்போது எதை மாற்றினார் என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் கவுன்டரில் வவுச்சர் நடந்த பாதையும் இதுதான். குமாஸ்தா எழுதுவார், ஆபீசர் பாஸ் செய்வார், பிறகே கணக்கில் ஏறும், கடைசியில் ரிக்கார்டு ரூமுக்குப் போகும். எழுதியவரே பாஸ் செய்யக் கூடாது. பாஸ் ஆகாத வவுச்சருக்குப் பணம் தரக் கூடாது. அதுபோல ஒப்புதல் ஆகாத மாடலை வைத்து ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது.

இதற்கு மேல் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு மாடிக்கும் கான்கிரீட் போடும் முன் கிளாஷ் பட்டியல் எடுத்து, எல்லா ஆலோசகர்களும் உட்கார்ந்து தீர்ப்பது ஒன்று. சுவரை மூடும் முன், ஸ்லாப் போடும் முன், உள்ளே ஓடும் குழாயையும் வயரையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்து மாடலோடு ஒப்பிடுவது இன்னொன்று. வசதியுள்ளவர்கள் லேசர் ஸ்கேன் எடுக்கிறார்கள். நமக்கு போன் கேமராவும் அளவு நாடாவும் போதும், ஒழுங்காகச் செய்தால்.

வேலை முடிந்த பிறகு எதற்கு?

கட்டடம் கட்டுவதற்கு இரண்டு மூன்று வருடம். அதில் குடியிருப்பது நாற்பது ஐம்பது வருடம். மாடல் நமக்கு உண்மையில் தேவைப்படுவது சாவி வாங்கிய பிறகுதான். எந்த வால்வை மூடினால் எந்த பிளாக்குக்குத் தண்ணீர் நிற்கும், மோட்டார் எந்த வருடத்து மாடல், உத்தரவாதம் எது வரை, தீயணைப்புக் குழாய் எந்த ஷாஃப்ட்டில் ஏறுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். புதுப்பித்தபோது வெளிச்சுவரில் பதித்த தகடுகள் வழியாகத் தீ பரவியது. அதன் பிறகு அரசு அமைத்த ஆய்வு 2018-ல் அறிக்கை தந்தது. ஒரு கட்டடத்தைப் பற்றிய விவரங்கள் வடிவமைப்பு தொடங்கிக் கடைசி வரை டிஜிட்டலாக, அறுபடாமல், புதுப்பிக்கப்பட்டு இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தங்க இழை'. 2022-ல் வந்த அவர்களுடைய கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குறைந்தது 18 மீட்டர் உயரம் அல்லது குறைந்தது 7 மாடி கொண்ட குடியிருப்புகளுக்கு இதைக் கடமையாக்கியிருக்கிறது.

நம் நாட்டில் 2016-ன் ரேரா சட்டம் இருக்கிறது. அனுமதி பெற்ற பிளானில் பெரிய மாற்றம் செய்ய, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் வேண்டும். குடியேறிய 5 வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் 'வரைபடம்' என்று சொல்கிறதே தவிர, திருத்தப்பட்ட மாடல் என்று சொல்லவில்லை. அதோடு இது முக்கியமாகப் புதிதாக வாங்குபவர்களை மனதில் வைத்து எழுதியது. நிலத்தின் உரிமையாளர்களாக மறுகட்டுமானத்துக்குப் போகும் நாம், நமக்கு வேண்டியதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் பத்திரம். குறை வரும்போது எது எப்படிக் கட்டப்பட்டது என்று காட்ட நம் கையில் ஆதாரமும் வேண்டும்.

சேர்க்க வேண்டிய ஐந்து ஷரத்துகள்

ஒன்று. மாடலுக்குப் பொறுப்பானவர் யார் என்று பெயர் குறிப்பிட்டு எழுத வேண்டும். அவர் மாறினால் 7 நாளில் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 'நிறுவனம் பொறுப்பு' என்று மட்டும் இருந்தால், யாரும் பொறுப்பில்லை என்றே அர்த்தம்.

இரண்டு. எல்லா மாடலும் ஒரே பொது இடத்தில், திருத்த எண்ணோடு இருக்க வேண்டும். சங்கத்தின் சார்பில் இரண்டு பேருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் தர வேண்டும். மாற்றும் அனுமதி நமக்கு வேண்டாம். குமாஸ்தா ஆபீசர் வேலை செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மூன்று. ஒவ்வொரு ஸ்லாபுக்கும் முன் கிளாஷ் பட்டியலும், அது தீர்க்கப்பட்டதற்கான கையெழுத்தும் வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு பீமையோ தூணையோ வெட்ட நேர்ந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது.

நான்கு. சைட்டில் செய்த எந்த மாற்றமும் 15 நாளில் மாடலில் ஏற வேண்டும். மூடப்போகும் ஒவ்வொரு குழாய், வயர்ப் பாதைக்கும் அளவோடு படம் வேண்டும்.

ஐந்து. ஒப்படைக்கும்போது, மாடலை அவர்கள் உருவாக்கிய மென்பொருளின் கோப்பாகவும், ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவிலும், பிரிண்ட் எடுக்கும் டிராயிங்காகவும் மூன்று விதமாகத் தர வேண்டும். பொது வடிவம் ஏன் என்றால், இந்த மென்பொருள்கள் அடிக்கடி புதிய பதிப்பு வெளியிடும். ரெவிட்டை எடுத்துக்கொண்டால், புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஐ.எஃப்.சி. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம். மாடலின் காப்புரிமை வடிவமைத்தவரிடமே இருக்கட்டும். பராமரிப்புக்கும் பிற்கால மாற்றங்களுக்கும் அதைப் பயன்படுத்தும் உரிமை சங்கத்துக்கு உண்டு என்று எழுத வேண்டும்.

ஐந்தாவதோடு ஒரு பூட்டும் வேண்டும். வரைவில் பில்டர் தரும் வங்கி உத்தரவாதம் சாவி தந்தவுடன் முழுவதும் விடுவிக்கப்படும் என்று இருக்கிறது. அதை இரண்டாகப் பிரிப்போம். இரண்டாவது பகுதி மாடலைச் சரிபார்த்த பிறகு. சரிபார்ப்பது எப்படி? நாமே 20 இடங்களைத் தேர்ந்தெடுப்போம். ஒரு வால்வு, ஒரு மழைநீர்த் தொட்டி, ஒரு ஷாஃப்ட் கதவு இப்படி. மாடலில் காட்டுகிற இடத்தில் அது இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்போம். 20-ம் டேலி ஆனால் விடுவிப்போம். ஆகாவிட்டால் திருத்திக் கொண்டுவரட்டும். பேங்க் ஆடிட்டர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை. எதைப் பார்ப்பார் என்று முன்னால் சொல்வதும் இல்லை. அதனால்தான் எல்லா வவுச்சரையும் ஒழுங்காக வைத்திருந்தோம்.

உங்கள் கேள்விகள்

செலவு ஆகுமே என்று மூன்றாவது மாடி நண்பர் நேற்று கேட்டார். ஆகும். மாடலைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆளாவது வேண்டும். அதற்கு எவ்வளவு என்று பில்டரிடம் எழுத்தில் கேட்போம், வீட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பார்ப்போம், பிறகு முடிவு செய்வோம். தேவைப்பட்டால் நுழைவாயில் அலங்கார வளைவை விட்டுக்கொடுக்கலாம். பில்டருக்கும் இதில் லாபம் உண்டு. கட்டியதை உடைத்து மறுபடி கட்டும் செலவு அவருடையதுதான்.

நமக்கு இதையெல்லாம் திறக்கவே தெரியாதே என்றார் ஒருவர். ஐ.எஃப்.சி. கோப்பைப் பார்க்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. என் பேத்தி அரை மணி நேரத்தில் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். ஒரு மாதிரிக் கட்டடத்தில் குழாயைத் தொட்டு விட்டம் பார்க்க எனக்கே வந்துவிட்டது. நம் வீடுகளில் கணினித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! இரண்டு பேர் முன்வந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. மாடல் கையில் வந்ததும் அதைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். எந்த வழியில் நுழையலாம், கேமரா எங்கே, மின் அறை எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். லாக்கர் சாவி போல வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி வெளியே பாதுகாப்பான இடத்தில்.

இன்னொன்று நமக்கே. குடியேறிய பிறகு பாத்ரூமை உடைத்து மாற்றுவோம், பால்கனியை அடைப்போம், புதிதாக வயர் இழுப்போம். அதைச் சங்கத்தில் சொல்லி மாடலில் ஏற்றாவிட்டால், நல்ல மாடலையும் நாமே கெடுத்துவிடுவோம். பத்து வருடம் கழித்து, மாடலை நம்பி யாரோ சுவரைத் துளையிடும்போது அதன் பலன் தெரியும்.

மறுகட்டுமானத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய நிலை இப்போது இல்லை. தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் போதும். நம் 36 வீட்டில் 24. அந்த எண்ணிக்கை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இந்தக் கட்டடம் எப்படியும் வரும். நான் அதைத் தடுக்க வரவில்லை. நானும் சம்மதம் தந்தவன்தான். என் கவலை, அது வரும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்து வர வேண்டும் என்பதே. இப்போது பில்டருக்கு நம் கையெழுத்து வேண்டும். கேட்பதற்கு இதுதான் நேரம். போட்ட பிறகு கேட்டால் அது வேண்டுகோள் ஆகிவிடும்.

இந்த ஐந்து ஷரத்துகளையும் தட்டச்சு செய்து செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். குறை இருந்தால் திருத்துங்கள். சரி என்று பட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதிக் கொடுங்கள். மாடலைக் கண்காணிக்க இளையவர்கள் இரண்டு பேர் முன்வாருங்கள். காகித வேலை, கடிதப் போக்குவரத்து, திருத்தப் பதிவேடு எழுதுவது, இவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். அது எனக்குப் பழக்கமான வேலை.

சாவி வாங்கும் நாளன்று மறுபடியும் ஒரு கடிதம் வரும், 'சரியாகப் பெற்றுக்கொண்டோம்' என்று. அந்த 20 இடங்களையும் நடந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவோம்.